என் அப்பாவை நான் கட்சி தாவ வைத்தது

என்னைவிட நேர்மையான நிருபர் இந்த மலேசிய நாட்டிலேயே கிடையாது என்று ஒரு காலத்தில் ஒருவர் உறுதியாக நம்பிவந்தார். அந்த ஒருவர் நான்தான். இந்த நம்பிக்கையில் இரண்டாவதாக ஓர் ஆளைச் சேர்க்க நான் எடுத்த முயற்சியில்தான் என் அப்பா கட்சி தாவ நேர்ந்தது. அதுவும் அவருக்கே தெரியாமல்.

என் பெயர் புனிதா. கேமரன் மலையில், ரிங்லெட் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தோட்டத்து ஆபிசிலேயே கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. (பெண்ணாக இருந்தாலும் கிராணிதான். ‘கிராணியம்மா’ என்று யாராவது கூப்பிட்டால் ஐம்பது வயது ஆன மாதிரி இருக்கும் என்பதால் அதற்குத் தடை விதித்திருந்தேன்.) அது வயிற்றுக்கு. மற்றபடி நான் கோலாலம்பூரிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழின் கேமரன் மலைப் பகுதி நேர நிருபர். பத்திரிகை கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே திரிவேன். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறேன் என்று அம்மா லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். லைன் என்றால் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்குமே, அது.

சாதாரண நாளில் எனக்குக் கிடைக்கும் செய்தி எல்லாம் கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளி ஓட்டப் பந்தயம், கோலா தெர்லா சாலையில் மண் சரிந்து காய்கறி லோரிகள் நின்றது, இவ்வளவுதான். ஒரு முறை கியா பார்மில் ஸ்ட்ராபெரி ஏற்றிய வேன் ஒன்று சாக்கடைக்குள் இறங்கியதை ‘பரபரப்பு’ என்று எழுதினேன். பரபரப்பு எனக்கு மட்டும்தான். வேன்காரர் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்களுக்கும் நாலு பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படி இருந்தவளுக்குத் தேர்தல் வந்தது.

எங்கள் தொகுதியில் இரண்டு பேருக்குள்தான் நிஜமான போட்டி. பழைய கட்சியின் சார்பில் டத்தோ கதிரவேல் (டத்தோ என்பது சுல்தான் கொடுக்கும் பட்டம்). புதிய கட்சியின் சார்பில் லாயர் இன்பநாதன். (புதிய கட்சி என்னைவிட வயதில் மூத்தது. ஆனாலும் எங்கள் தோட்டத்தில் அதன் பெயர் புதிய கட்சிதான்.) இதில் சிக்கல் என்னவென்றால், பழைய கட்சியின் தோட்டக் கிளைத் தலைவர் ஆறுமுகம். தேயிலைத் தொழிற்சாலையில் லோரி ஓட்டுபவர். முப்பது வருடமாகக் கட்சிக்குக் கொடி கட்டியவர். என்னைப் பெற்றவர்.

அதனால் முதல் செய்தி வந்த அன்றே ஆபிஸ் கவுண்டரில் தனபால் அண்ணன் வந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் புதிய கட்சிக்கு எல்லாமே அவர்தான். கையில் பத்திரிகை.

“என்ன புனிதா, அப்பாவுக்குச் செஞ்சோத்துக் கடனா?”

“என்னண்ணே ஆச்சு?”

“டத்தோ படம் கலரு. எங்க லாயரு கறுப்பு வெள்ளை. டத்தோ மூணாம் பக்கம். எங்காளு எட்டாம் பக்கத்துல, மூட்டுவலி தைலத்துக்குக் கீழ. இதான் உன் நியாயமா லா?”

(லா என்பது எங்கள் மலேசியப் பேச்சின் வால், அர்த்தம் தேட வேண்டாம்.) மூன்றாம் பக்கம் கலரில் அச்சாகும், எட்டாம் பக்கம் அச்சாகாது, எதை எங்கே போடுவது என்பது கோலாலம்பூரில் இருக்கும் செய்தி ஆசிரியர் கையில் என்று விளக்கினேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. பேருன்னு பார்த்தா உன் பேருதான் போட்டிருக்கு” என்றார். என் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று காலையில் நானே நாலு தடவை பார்த்திருந்தேன்.

மறுநாள் லாயர் படம் கலரில் வந்தது. சாயங்காலம் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்திரிகையை விரித்தார்.

“டத்தோவ ஏன் வாயத் தொறந்த மாதிரியே புடிச்சிருக்க? கொட்டாவி விடுற மாதிரி இருக்கு.”

“பேசுனாருப்பா. வாயத் தொறக்காம எப்படிப் பேசுறது?”

“லாயரும்தான பேசுனாரு. அவரு மட்டும் சிரிக்கிறாரு.”

“சாப்பிடுங்க. தட்டுல இருக்கிறது எந்தக் கட்சியும் இல்ல” என்று அம்மா முடித்துவைத்தார். அம்மா யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்படி இரண்டு பக்கமும் திட்டத் திட்ட, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பேரும் திட்டுகிறார்கள் என்றால் நான் சரியாக நடுவில் நிற்கிறேன் என்றுதானே அர்த்தம்? (இல்லை. இரண்டு தடவை தப்பு செய்தாலும் இரண்டு பேரும் திட்டுவார்கள். இது எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.)

நடுநிலைக்காக நானே சில சட்டங்கள் இயற்றிக்கொண்டேன். டத்தோவுக்கு எத்தனை வரியோ லாயருக்கும் அத்தனை வரி. ஆபிஸ் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, அச்சில் வந்ததைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து நோட்டில் குறித்தேன். டத்தோ ‘எழுச்சியுரை’ ஆற்றினால் லாயரும் எழுச்சியுரைதான் ஆற்ற வேண்டும், அவர் கரகரத்த தொண்டையோடு அரை மணி நேரம் இருமியிருந்தாலும் சரி. இருவர் கூட்டத்துக்கும் ‘திரளானோர்’ வந்தார்கள். ஒரு நாள் மழையில் லாயர் கூட்டத்துக்குப் பதினேழு பேரும் ஒரு நாயும் வந்தபோதுகூட திரளானோர்தான் வந்தார்கள். ஒருவருக்குப் படம் போனால் மற்றவருக்கும் படம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் குடும்பத்து ஆள் யாருடைய பெயரும், முகமும், குரலும் என் செய்தியில் வரவே கூடாது.

கடைசிச் சட்டத்தை இயற்றிய அன்று எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாததுதான் பாக்கி.

டத்தோவின் செராமா ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. (தேர்தல் பிரசாரக் கூட்டத்தை இங்கே எல்லா மொழிக்காரர்களும் செராமா என்றுதான் சொல்வோம்.) வேலை முடிந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆட்கள் வந்திருந்தார்கள். டத்தோ பேசி முடித்ததும், நன்றி சொல்ல வேண்டிய கிளைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். நன்றி சொன்னார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டத்தோவுக்கு முன்னால் வைத்தார்.

“டத்தோ, இது டீ இல்ல. எங்க வீட்டுத் தண்ணி.”

பின் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உண்மையிலேயே அது பால் ஊற்றாத டீ மாதிரிதான் இருந்தது. மேலே மலையைச் சீவி காய்கறி போட ஆரம்பித்த பிறகு, மழை பெய்தால் போதும், ஆற்றிலிருந்து எங்கள் லைனுக்கு வரும் குழாயில் மண்ணும் சேர்ந்து இறங்கும். அம்மா தினமும் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் குழாயில் கட்டி வடிகட்டுவார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வயிற்றுப்போக்கு ஓயாது. ஆபிசுக்குக் கொடுத்த மனுவை எல்லாம் வாங்கி அடுக்கியவளே நான்தான். துரையிடம் கேட்டால், குழாய் தோட்டத்துடையது, ஆறு அரசாங்கத்துடையது என்பார். (மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். வெள்ளைக்காரன் போய்விட்டான், வார்த்தையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.) அரசாங்க ஆபிசில் கேட்டால் இதையே திருப்பிப் போட்டுச் சொல்வார்கள்.

“இந்தத் தண்ணிக்கு யாரு பொறுப்பு, எப்ப மாறும்? இத மட்டும் சொல்லுங்க டத்தோ. வேற ஒண்ணும் கேக்கல” என்றார் அப்பா.

டத்தோ பாட்டிலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மேடைக்குக் கீழே இருந்த என்னைப் பார்த்தார். “கண்டிப்பா கவனிக்கிறேன் தலைவரே” என்று சொல்லி உட்கார்ந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். கேட்டவர் என் அப்பா. சட்டம் சட்டம்தான். டத்தோ எழுச்சியுரை ஆற்றினார், திரளானோர் கலந்துகொண்டனர் என்று இருபத்து நாலு வரி எழுதி, ஒரு படமும் சேர்த்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாயரின் செராமா, பந்து விளையாடும் திடலில். நான் போய்ச் சேர்ந்தபோது முதல் வரிசை நாற்காலியில், தலையைப் படிய வாரிக்கொண்டு, மடியில் பாட்டிலோடு அப்பா உட்கார்ந்திருந்தார். திடலே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தனபால் அண்ணனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

லாயர் பேசி முடித்ததும் அப்பா எழுந்து முன்னால் போய்ப் பாட்டிலை நீட்டினார். வார்த்தை மாறாமல் அதே கேள்வி.

“நாங்க ஜெயிச்சு வந்தா முதல் வேலை இதுதான் அண்ணே” என்றார் லாயர்.

“தோத்துட்டா?”

கூட்டம் சிரித்தது. லாயரும் சிரித்துவிட்டார். பதில்தான் வரவில்லை. பாட்டிலை வாங்கிக்கொள்வதற்காகக் கையை நீட்டியபடி, மறு கையை அப்பா தோளில் போட்டார். அந்த நொடியில் என் கை தானாகப் படம் எடுத்தது.

அன்றைக்கும் பேனாவை மூடிவிட்டேன். ஆனால் இன்னொரு சட்டம் இருந்ததே! டத்தோவுக்குப் படம் போயிருந்தது, லாயருக்கும் போயாக வேண்டும். வீட்டுக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தால், திடலில் இறங்கியிருந்த மூடுபனியில் எடுத்த பதினைந்து படத்தில் பதின்மூன்றில் வெறும் வெள்ளை. ஒன்றில் லாயரின் மூக்குக் கண்ணாடி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தெளிவாக இருந்தது ஒரே படம். அப்பாவும் லாயரும். அதிலும் பாட்டில் இருந்த இடத்தை யாரோ ஒருவருடைய குடை மறைத்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் கை குலுக்குகிற மாதிரி இருக்கும்.

அப்பா முகம் வரக் கூடாது. லாயர் படம் வந்தாக வேண்டும். அரை மணி நேரம் யோசித்து, மிகவும் புத்திசாலித்தனமான ஒரு முடிவுக்கு வந்தேன். பெயரைப் போடாமல், ‘லாயர் இன்பநாதனுடன் பழைய கட்சியின் தோட்டக் கிளைத் தலைவர்’ என்று படவிளக்கம் எழுதி அனுப்பினேன். ஏன் வந்தார், என்ன கேட்டார், ஒன்றும் இல்லை.

சிறிது நேரத்தில் செய்தி ஆசிரியர் பரமசிவம் சார் கைப்பேசியில் கேட்டார்: ‘கிளைத் தலைவர் அந்தப் பக்கம் வந்துட்டாரா?’

திடலுக்கு வந்தாரா என்று கேட்கிறார் என நினைத்தேன். ‘ஆமா சார், வந்துட்டார். எல்லாரும் பார்த்தாங்க’ என்று பதில் போட்டேன்.

‘உறுதியா?’

‘நானே கண்ணால பார்த்தேன் சார்.’

‘சபாஷ்’ என்றார். எதற்குச் சபாஷ் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

எங்கள் பக்கம் பத்திரிகை வந்து சேரக் காலை பத்து மணி ஆகும். சனிக்கிழமை அரை நாள் வேலை. அப்பா தொழிற்சாலையில் தேயிலை இறக்கிவிட்டு லோரியை லைன் முனையில் நிறுத்தி இறங்கினார். அங்கே தனபால் அண்ணனும் எட்டு பேரும் நின்றிருந்தார்கள். அண்ணன் கையில் ரிங்லெட் பூக்கடையில் கிடைப்பதிலேயே பெரிய மாலை. லோரிப் படியிலிருந்து அப்பாவின் இரண்டாவது கால் தரையைத் தொடுவதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

“யாருக்கு லா கல்யாணம்?” என்று கேட்டார் அப்பா.

“உங்களுக்குத்தான் போல” என்றார் அம்மா, வாசலில் நின்றபடி. அவர் கையில் பத்திரிகை இருந்தது.

முதல் பக்கம். கலர். ‘கட்சி தாவினார் கிளைத் தலைவர்! டத்தோவுக்குப் பலத்த அடி.’ கீழே, நான் சொன்னேனே, அந்தப் படம். அதற்குக் கீழே, நன்றாகக் கொட்டை எழுத்தில், என் பெயர்.

தரை பிளந்து என்னை விழுங்கட்டும் என்று பிரார்த்தித்தேன். எங்கள் பக்கம் மண் சரிவு சர்வ சாதாரணம்தான், ஆனால் வேண்டும்போது வராது.

அப்பா மாலையோடு பத்திரிகையை முழுக்கப் படித்தார். பிறகு மாலையைக் கழற்றி, கசங்காமல் தனபால் அண்ணன் கையிலேயே கொடுத்தார். “தனபாலு, நான் எங்கேயும் தாவல. தண்ணி கேக்க வந்தேன். வந்து கேட்டத நீயும்தான பார்த்த?” என்றார். தனபால் அண்ணன் தலையைச் சொறிந்தார். “பேப்பர்ல போட்டிருக்கே அண்ணே. அதுவும் உங்க பொண்ணே போட்டிருக்கே.”

அதற்குள் அப்பாவின் கைப்பேசி அடித்தது. கட்சித் தொகுதி ஆபிஸ். மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் கிளைத் தலைவர் பதவி பறிபோகும். முப்பது வருடம் கொடி கட்டிய மனிதர் அதை நின்றபடியே கேட்டு, “சரிங்க” என்று வைத்தார்.

வீட்டுக்குள் போனதும் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ என்ன எழுதுனியோ அதக் காட்டு.”

நோட்டைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை இருபத்து நாலு வரி. வெள்ளிக்கிழமை இருபத்து நாலு வரி. ஓரத்தில் சென்டிமீட்டர் கணக்கு. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

“என் கேள்வி எங்க?”

“நீங்க என் அப்பா. அதப் போட்டா பாரபட்சம்னு சொல்வாங்கன்னுதான்...”

“பாட்டிலு?”

“அதும் உங்க பாட்டிலுதான...”

அவர் நோட்டை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, உனக்கு மட்டும் தண்ணி வேற பைப்புல வருதா?”

அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் எனக்கு ஸ்கேல், சென்டிமீட்டர், சட்டம் ஒன்றும் ஞாபகம் இல்லை. அழ ஆரம்பித்தேன். இரண்டு கூட்டத்திலும் செய்தி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு தடவையும் பேனாவை மூடிப் பையில் வைத்திருக்கிறேன். டத்தோ பக்கமும் சாயாமல், லாயர் பக்கமும் சாயாமல், எங்கள் லைனை அப்படியே கைவிட்டிருக்கிறேன்.

அம்மா மட்டும் அசரவில்லை. “அழுது முடிச்சுட்டு உன் பேப்பருக்குப் போன் போடு. குழாயில கட்டுற துணியப் படம் எடுத்துப் போடச் சொல்லு. துணிக்கு ஏது கட்சி?” என்றார்.

பரமசிவம் சாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. மறுநாளே திருத்தம் போட்டார். ஆறாம் பக்கத்தில், கூந்தல் எண்ணெய் விளம்பரத்துக்கு அடியில், மூன்று வரி: ‘கிளைத் தலைவர் ஆறுமுகம் பழைய கட்சியிலேயே இருக்கிறார்.’ எங்கள் தோட்டத்தில் இதை வேறு மாதிரிப் படித்தார்கள். சனிக்கிழமை அந்தப் பக்கம் தாவியவர் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் திரும்பத் தாவிவிட்டார். இரண்டு நாளில் இரண்டு தாவல். தேயிலை நிறுக்கும் இடத்தில் அப்பாவுக்குக் ‘குரங்கு’ என்று பெயர் வைத்துவிட்டதாக அம்மா வந்து சொன்னபோதுதான், என் நேர்மை எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தது.

அன்று மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா கேட்ட கேள்வி, டத்தோ சொன்ன பதில், லாயர் சொன்ன பதில், லாயர் சொல்லாத பதில். துணியில் படிந்த மண்ணைப் படம் எடுத்தேன். எத்தனை வீடு, எத்தனை மனு, யார் யார் கையைக் காட்டி யார் யார் தப்பித்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தேன். கடைசிப் பத்தியில், கேள்வி கேட்டவர் இந்த நிருபரின் அப்பா என்றும், அதற்காகவே நிருபர் கேள்வியை இரண்டு முறை மறைத்தார் என்றும், படவிளக்கத்தால் வந்த குழப்பத்துக்கு நிருபரே பொறுப்பு என்றும் எழுதினேன்.

“நிருபரே செய்தியில வரக் கூடாதும்மா. நல்லா இருக்காது” என்றார் பரமசிவம் சார்.

“சார், நான் ஏற்கெனவே வந்துட்டேன். என் பேர் போட்ட செய்தியாலதான் எங்கப்பாவுக்குக் குரங்குன்னு பேரு. கடைசிப் பத்தியை வெட்டுறதா இருந்தா முழுசாவே போடாதீங்க.”

என் வாழ்நாளில் ஒரு செய்தி ஆசிரியரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர், “உங்கப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு” என்றார்.

செவ்வாய்க்கிழமை அது முதல் பக்கத்தில் வந்தது. ஒரு வரிகூட வெட்டவில்லை.

அதே நாள்தான் அப்பாவின் விளக்கக் கடிதத்துக்குக் கடைசி நாள். என்னை எழுதித் தரச் சொல்வார் என்று காத்திருந்தேன். (நான் எழுதியதன் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தவர் எப்படிச் சொல்வார்?) பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுத் தானே எழுதினார். ‘தண்ணிக்காகப் போனேன். தண்ணி வந்துவிட்டால் போக மாட்டேன். இப்படிக்கு, ஆறுமுகம்.’ அவ்வளவுதான். கிளையில் இருந்த மற்றவர்கள் அந்தக் காலண்டர் தாளை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே இடம் இருக்கும் வரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். குரங்கு என்று பெயர் வைத்தவரும் போட்டார். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை, நான் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையால் ஒரு நாளும் வந்ததில்லை.

பதவியைப் பறிக்கும் பேச்சு அதோடு நின்றது. வாக்களிப்புக்கு முந்தின வார இறுதியில் இரண்டு வேட்பாளர்களும் தண்ணீரைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் பத்து மணிக்கு வருகிறார் என்று தெரிந்ததும் மற்றவர் ஒன்பதே முக்காலுக்கு வர, அதைக் கேட்டு முதலாமவர் ஒன்பதரைக்கு வர, கடைசியில் இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் லைனுக்குள் நுழைந்து, சந்தில் முட்டிக்கொண்டு நின்றன. யார் பின்னால் எடுப்பது என்று டிரைவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா லோரி ஓட்டுநர் ஆயிற்றே, இருவருக்கும் கை காட்டி ஒரே சமயத்தில் இருவரையும் ஒதுக்கிவிட்டார்.

குழாயடியில் அம்மா இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கழுவி வைத்திருந்தார். முந்தின நாள் நல்ல மழை. துணியை அவிழ்த்துவிட்டு இரண்டையும் நிரப்பி, ஒன்றை டத்தோ கையிலும் மற்றதை லாயர் கையிலும் கொடுத்தார்.

“குடிங்க. நாங்க குடிக்கிறதுதான்.”

லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது. டத்தோ டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தொண்டை சரியில்லை, டாக்டர் பச்சைத் தண்ணீர் கூடாது என்றிருக்கிறார் என்றார். லாயர் வரும் வழியில்தான் இளநீர் குடித்ததாகச் சொன்னார். அம்மா இரண்டு டம்ளரையும் திரும்ப வாங்கி, படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடியில் மண் மெல்லப் படிவதை அத்தனை பேரும், அந்த இரண்டு பேரும், நின்று பார்த்தார்கள். முதலில் லாயர்தான் வாயைத் திறந்தார். “தோத்தாலும் வர்றேன் அண்ணே” என்றார் அப்பாவிடம். உடனே டத்தோவும், “நானும்தான்” என்றார்.

இரண்டையும் எழுதினேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை என்பதையும் எழுதினேன். அன்றைக்கு யாருக்கு எத்தனை வரி என்று எண்ணவில்லை.

தேர்தலில் வென்றது யார் என்று கேட்பீர்கள். சொன்னால் இந்தக் கட்டுரையும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று யாராவது ஆபிஸ் கவுண்டருக்கு வருவார்கள். அதனால் இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: தோற்றவரும் வந்தார். வென்றவர் மறக்கப் பார்த்தபோதெல்லாம் அவர் குழாயடியில் சொன்னதை அப்படியே திரும்ப எழுதி அனுப்பினேன். மூன்றாவது தடவை எழுதியபோது பரமசிவம் சார், “இதையே எத்தனை வாட்டிம்மா போடுறது?” என்றார். “தண்ணி வர்ற வரைக்கும் சார்” என்றேன். அடுத்த மழைக்காலத்துக்குள் மேலே, மண் இறங்காத இடத்திலிருந்து புதுக் குழாயும், வடிகட்டியோடு ஒரு பெரிய தொட்டியும் வந்தன. அம்மா அந்த வேட்டித் துணியைக் கரித்துணியாக்கிவிட்டார். அப்பா இன்றைக்கும் கிளைத் தலைவர். நான் இன்றைக்கும் நிருபர். யார் எதைக் கேட்டாலும், அது என்ன அர்த்தத்தில் என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்கும் நிருபர்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஈப்போக்காரர். மண்டபத்தில் படம் எடுப்பவர், அப்பாவையும் என் மாமனாரையும் நிற்க வைத்து, “ரெண்டு பேரும் கை குலுக்குங்க” என்றார். அப்பா பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து நாலடி நடந்து மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போய்க் கையை நீட்டினார். கூட்டத்தின் நடுவிலிருந்து தனபால் அண்ணனின் குரல் மண்டபமே அதிர வந்தது.

“அண்ணே, அந்தப் பக்கம் வந்துட்டீங்களா?”

எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா என் மாமனாரின் கையை விடாமல், மேடையில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“நான் தாவல லா. இந்தத் தடவை என் பொண்ணுதான் தாவிட்டா!”